பச்சிளங்குழந்தை

பிறந்தது முதல் 28 நாட்கள் வரையுள்ள குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். நிறைமாதக் குழந்தை ஏறத்தாழ 50 செ.மீ. நீளம் இருக்கும், இதில் தலை மட்டும் சுமார் நான்கில் ஒரு பங்காகும். பிறப்பு எடை 2.5 கிலோகிராமிற்குக் குறைந்தால் தனிக் கவனிப்பு தேவை. தோலின் மீதுள்ள வெண்ணெய் போன்ற படலம் இயற்கையான பாதுகாப்பு ஆகும். எனவே குழந்தையை உலரத் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து வைத்து, 24 மணி நேரத்திற்குப் பின்னரே குளிப்பாட்டுதல் நன்று.

பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் சர்க்கரை நீர் அல்லது தேனைத் தொட்டு வைப்பது தமிழ்நாட்டில் 'சேனை வைத்தல்' எனப்படுகிறது. இது நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கலாம். மாறாக, முதல் ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டப்படும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்துள்ளன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது, தண்ணீரும் தேவையில்லை.