குறும்பார்வையும் கண் பாதுகாப்பும்



கண்ணாடி அணிந்தவுடன் பார்வை தெளிகின்றது. ஆகவே கண்ணின் குறை தீர்ந்துவிட்டது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கடுமையான குறும்பார்வை உடையோருக்கு இவ்வெண்ணம் ஆபத்தானது. அதன் காரணத்தை இன்று நோக்குவோம்.

வளர்ந்த ஒருவரின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் நீளமுடையது. அது அளவுக்கு மீறி நீளுமாயின், தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடும். பொருள் மங்கலாகத் தோன்றும். பெரும்பாலும் குறும்பார்வை உண்டாவது இவ்வாறே. குழிவுவில்லை ஒளியைச் சற்றே விரித்தனுப்பி, அது விழித்திரையிற் குவியச் செய்கின்றது. இதனை வானியலறிஞர் கெப்ளர் 1604ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கண்ணாடியின் வலு 6 டயொப்டரை எட்டினால் அது கடுமையான குறும்பார்வை எனப்படும். அத்தகையோர் கண்ணாடியைக் கழற்றினால், ஒரு சாண் தூரத்திலுள்ள எழுத்தும் தெளியாது.

ஆயின், கண்ணாடி ஒளியைத் திருத்துகின்றதேயன்றி விழியைக் குறுக்குவதில்லை. லேசர் சிகிச்சையும் விழியின் முன்புற வளைவையே மாற்றும், நீளத்தை மாற்றாது. நீண்ட விழியினுள் விழித்திரை இழுபட்டு மெலிந்து நிற்கின்றது. அது கிழியலாம், கிழிந்த வழியே நீர் புகுந்து, விழித்திரை தன் இடத்தினின்று கழன்றுவிடலாம். அப்போது நோவு இராது. ஆகையாற் பலர் காலந்தாழ்த்துகின்றனர். கண்முன் கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுதல், மின்னல்போல் ஒளிக்கீற்றுத் தோன்றுதல், ஒருபுறமிருந்து திரை விழுவதுபோல் நிழல் படிதல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரை நாடவேண்டும். கிழிசல் மாத்திரம் இருப்பின், லேசர் ஒளியால் அதனைச் சுற்றி ஒட்டவைக்கலாம். நடுப்பகுதி கழன்றபின் சத்திரசிகிச்சை செய்தாலும், முன்னைய பார்வை முழுமையாக மீளாதிருக்கலாம்.

குளுக்கோமா என்னும் நோயும் கண்புரையும் இவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றையோரைவிட மிகுதி. ஆதலாற் கண்ணாடியின் வலுவை அளப்பதோடு அமையாது, ஆண்டுக்கொருமுறையேனும் மருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையை ஓரம்வரை பரிசோதிப்பித்தல் நன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளைக்குக் கண்ணாடி அழகன்று என மறுப்போரைப் பாடசாலையிற் கண்டிருக்கின்றேன். கண்ணாடியை மறுப்பதனாற் குறை நின்றுவிடுவதில்லை. பிள்ளையின் படிப்பே நின்றுவிடுகின்றது. நாள்தோறும் இரண்டு மணி நேரமளவு வெளியே பகலொளியில் இருப்பது, குறும்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கின்றது என ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே, பரீட்சையை முன்னிட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தைப் பறித்துவிடாதீர்கள்.