ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஆப்ஷன் சந்தை

ஒரு பங்கைக் குறித்த விலைக்கு, குறித்த காலத்துக்குள் வாங்கவோ விற்கவோ காசு கொடுத்துப் பெறும் உரிமைதான் ஆப்ஷன். வாங்கும் உரிமைக்குக் ‘கால்’ என்றும் விற்கும் உரிமைக்குப் ‘புட்’ என்றும் பெயர். உரிமைக்குக் கொடுக்கும் பிரீமியம் திரும்பி வராது. விலை எப்படிப் போனாலும் வாங்கியவரின் நஷ்டம் அதற்கு மேல் போகாது.

ஐரோப்பாவுக்கு இது புதிதல்ல. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் மீது ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் ஆப்ஷன் எழுதிவந்தனர். 1688இல் ஜோசப் டி லா வேகா ஸ்பானிய மொழியில் எழுதிய உரையாடல் நூல் அந்த வணிகத்தை விளக்குகிறது. ‘குழப்பங்களின் குழப்பம்’ என்று பொருள்படும் அதன் தலைப்பு, இன்றைய முதலீட்டாளருக்கும் புரியும். பிரிட்டன் 1734இல் இதைச் சூதாட்டமாகக் கருதித் தடைசெய்தது. 1860இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

பழைய ஆப்ஷன் இருவருக்கு இடையிலான தனி ஒப்பந்தம். விலையும் தவணையும் ஆளுக்கு ஆள் மாறும். நடுவில் வேறொருவருக்கு விற்பது கடினம்; எதிராளி கைவிரித்தால் பணம் போனதுதான். 1973இல் சிகாகோ இதற்கு வழி கண்டது. விலை, தவணை, அளவு எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே ஒரு தீர்வகம் நின்று பொறுப்பேற்றது. அந்த முறையைப் பின்பற்றி 1978 ஏப்ரல் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பிய ஆப்ஷன் சந்தை திறக்கப்பட்டது. லண்டன் பங்குச் சந்தை அதே மாதத்தில் பின்தொடர்ந்தது. நெதர்லாந்தின் ஏ.இ.எக்ஸ். குறியீடு, 1983இல் இந்த ஆப்ஷன் சந்தையின் குறியீடாகப் பிறந்ததே.

1985இல் ஓலோஃப் ஸ்டென்ஹாமர் ஸ்டாக்ஹோமில் ஓ.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். உறுப்பினர் சங்கம் போலன்றி, லாபத்துக்காகவே நடத்தப்பட்ட சந்தை அது. ஸ்விட்சர்லாந்தின் சோஃபெக்ஸ் சந்தை 1988இல் வணிகக் கூடமே இல்லாமல் கணினி வழியாக இயங்கத் தொடங்கியது; 1990இல் ஜெர்மனியின் டி.டி.பி.யும் அப்படியே.

லண்டனில் 1982இல் தொடங்கி, 1992இல் அங்கிருந்த ஆப்ஷன் சந்தையையும் சேர்த்துக்கொண்ட லிஃபே சந்தை, வண்ணச் சட்டைத் தரகர்கள் கூவி விற்கும் முறையை விடவில்லை. ஜெர்மன் அரசுக் கடன் பத்திரங்களின் முன்பேர வணிகத்தில் முதலிடம் அதற்கே. ஆனால் கணினித் திரையில் செலவு குறைவு. 1998 முடிவதற்குள் அந்த வணிகம் மொத்தமாக டி.டி.பி. இயங்கிய ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய்விட்டது. டி.டி.பி.யும் சோஃபெக்ஸும் அதே ஆண்டு இணைந்து யூரெக்ஸ் ஆயின. லிஃபேயின் நிதி வணிகக் கூடங்கள் 2000க்குள் மூடப்பட்டன. 2002இல் அது ஐரோப்பியப் பங்குச் சந்தைக் குழுமமான யூரோநெக்ஸ்ட்டின் கைக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாம் ஆப்ஷன் சந்தையும் அதற்கு முன்பே யூரோநெக்ஸ்ட்டில் கலந்திருந்தது.