குறட்டை நடுவே மூச்சு நிற்கிறதா? வீட்டிலேயே செய்யலாம் ஓர் இரவு சோதனை!

குறட்டை விடுபவருக்கு அது கேட்பதே இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தூக்கம் போகிறது. 'அசந்து தூங்குகிறார்' என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால், அந்தச் சத்தம் சட்டென்று நின்று, சில விநாடிகள் கழித்து ஒரு திணறலோடு மறுபடி தொடங்கினால் கவனியுங்கள். இடையில் நின்றது குறட்டை மட்டுமல்ல, மூச்சும்தான்.

இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். பெரும்பாலும், தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதால் வருவது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்; மூளை பதறி எழுப்பிவிடும். காலையில் எதுவும் நினைவிருக்காது. தலைவலி, பகல் தூக்கம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் என்று வேறு வழியில்தான் தெரியவரும். வண்டி ஓட்டுபவர் என்றால் ஆபத்து அவரோடு நிற்காது.

முன்பெல்லாம் இதைக் கண்டறிய ஆஸ்பத்திரியில், தலை முதல் கால் வரை ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஒரு ராத்திரி படுக்க வேண்டும். (அப்படிப் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்?) இப்போது அதன் சுருக்கமான வடிவம் கையடக்கக் கருவியாக வீட்டுக்கே வருகிறது. மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பெல்ட், விரலில் கொரோனா காலத்தில் பழகிய அதே ஆக்சிஜன் கிளிப். நெயில் பாலிஷை மட்டும் அழித்துவிடுங்கள்.

மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ, வெகுவாகக் குறைந்தாலோ ஒரு கணக்கு. மணிக்கு 5-க்குக் கீழ் இயல்பு. 15 வரை லேசானது. 30 வரை நடுத்தரம். அதைத் தாண்டினால் தீவிரம்.

இங்கேதான் ஒரு சிக்கல். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலைகளைப் பார்ப்பதில்லை. நீங்கள் தூங்கினீர்களா, புரண்டுகொண்டிருந்தீர்களா என்பது அவற்றுக்குத் தெரியாது. 4 மணி நேரத் தூக்கத்தில் 72 முறை மூச்சு தடைப்பட்டால், மணிக்கு 18. கருவி 6 மணி நேரம் ஓடியிருந்தால் 12 என்று காட்டும். நடுத்தரம், லேசானதாகிவிடும்! அதனால் 'நார்மல்' என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால், ஆய்வகச் சோதனை அவசியம். இதயச் செயலிழப்போ கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்களையும் குழந்தைகளையும் டாக்டர்கள் பொதுவாக நேராக ஆய்வகத்துக்கே அனுப்புவார்கள்.

ஸ்மார்ட் வாட்ச்? 2024-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. சிலவற்றை இதற்கு அனுமதித்தது. ஆனாலும் அவை எச்சரிக்கை மணிதான், நோயை உறுதிசெய்யாது.

டாக்டரிடம் போகும் முன், வீட்டில் யாராவது அந்தக் குறட்டையை இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். 'நானாவது, குறட்டையாவது!' என்பவரிடமும் காட்டலாம்.