கொட்டாஞ்சேனைக் குப்பை புத்தளம் போன கதை: சுற்றாடல் அமைச்சிடம் நாம் எதைக் கேட்க வேண்டும்?

கொழும்பில் கடும் மழை பெய்து வீதிகளில் தண்ணீர் நின்றால் எல்லோரும் கேட்கும் கேள்வி, "சுற்றாடல் அமைச்சு என்ன செய்கிறது?" என்பதுதான். கொட்டாஞ்சேனையில் வளர்ந்து இப்போது வெள்ளவத்தையில் வசிக்கும் நானும் இதைப் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். கேள்வி நியாயமானது. ஆனால் எந்த வாசலில், எப்போது கேட்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டுக் குப்பையை அள்ளுவது அமைச்சின் வேலையல்ல, அது மாநகர சபையின் கடமை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சேகரிக்கப்படும் குப்பை சபையின் சொத்து. வெள்ளவத்தைக் கால்வாயைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். அப்படியானால் அமைச்சுக்கு என்ன வேலை? கொள்கை வகுப்பது, சட்டவிதிகளை வர்த்தமானியில் வெளியிடுவது, காலநிலை தொடர்பில் உலகத்துக்கு நாடு கொடுத்த வாக்குறுதிகளை நிறைவேற்றுவது. 2008இல் அமைச்சின் கீழ் காலநிலை மாற்றச் செயலகம் அமைக்கப்பட்டது. பாரிஸ் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

அமைச்சின் உண்மையான பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1981இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை உருவாக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்குவதும், நிபந்தனை மீறினால் அதை இரத்துச் செய்வதும் இந்தச் சபைதான். சிறு வேலைத்தலங்களுக்கு இந்த அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்ற இன்னொரு வாசலும் திறந்தது. நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் குப்பையைக் கையாளும் நிலையம் போன்ற பெரிய திட்டங்களுக்கு இந்த மதிப்பீடு கட்டாயம். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அது பற்றி சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் வர வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம்.

இந்த வாசல் ஏன் முக்கியம் என்பதை கொழும்புக் குப்பையின் பயணமே சொல்லும். ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை கொட்டாஞ்சேனை, புளூமெண்டல் பகுதியில் மலையாகக் குவிந்தது. 2009இல் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து அது மூடப்பட்டு, குப்பை கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லைக்குப் போனது. அங்கிருந்த மக்கள் பல வருடங்கள் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்த மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதன் பிறகும் குப்பை குறையவில்லை, இடம்தான் மாறியது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரத்தில், புத்தளம் அறுவைக்காட்டில் சுண்ணாம்புக்கல் தோண்டிய பழைய குழிகள் தெரிவு செய்யப்பட்டன. 2018, 2019 ஆண்டுகளில் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் பல்லாயிரம் பேர் தஞ்சமடைந்த மாவட்டம் அது. அவர்களுக்காக நாமும் குரல் கொடுத்தோம். ஆனால் அந்தக் குப்பையில் நமது வீட்டுக் குப்பையும் இருந்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

மக்கள் திரளும் நேரத்தில் திட்டம் பெரும்பாலும் அனுமதி பெற்று, ஒப்பந்தமும் கைச்சாத்தாகியிருக்கும். பத்திரிகையின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் 30 நாள் அறிவித்தலை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள் வென்றதும் உண்டு. எப்பாவல பொஸ்பேற் திட்டத்துக்கு எதிராக அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அனுமதியும் இன்றித் திட்டத்தை முன்னெடுக்க முடியாது என 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு பழக்கத்தையும் நாம் விட வேண்டும். "நம்மவர் அமைச்சராக இருந்தால் வேலை நடக்கும்" என்று காத்திருப்பது. 2015 முதல் 2019 வரை சுற்றாடல் பொறுப்பு அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவிடமே இருந்தது. 2022 ஏப்ரலில் நஸீர் அஹமட் அமைச்சரானார். 2023 ஒக்டோபரில் நீதிமன்றத் தீர்ப்பினால் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தபோது அந்தப் பதவியும் போனது. 2024 நவம்பரில் தம்மிக்க பட்டபெந்தி பொறுப்பேற்றார். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் உள்ளது. ஒரு நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அதன் நிபந்தனைகள் என்ன என்று எவரும் எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் சட்டம் படித்த இளைஞர் ஒருவராவது இருப்பார். இந்த அறிவித்தல்களைக் கவனித்து, ஜும்ஆவுக்குப் பின் மக்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். புத்தளத்தில் நடப்பதை கொழும்புக்கும், கொழும்பில் நடப்பதை புத்தளத்துக்கும் சொல்ல ஆள் வேண்டும்.

மற்றது நமது கையிலேயே இருக்கிறது. ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் லன்ச் ஷீட்டும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டன. ஆனாலும் வலீமா விருந்துகளிலும் இப்தார் நிகழ்வுகளிலும் ஒரு தடவை பாவித்து வீசும் பொருட்கள் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. மிஞ்சிய சோறு அதே மூட்டைக்குள் போய், அழுகி, மீதேன் வாயுவாகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டை விடப் பல மடங்கு வீரியமானது. உணவுக் கழிவைத் தனியாகக் கட்டிக் கொடுத்தால் அது பசளையாகும். வீண்விரயம் நமது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அமைச்சிடம் கேள்வி கேட்போம், அறிவித்தல் வந்த அந்த 30 நாட்களுக்குள் கேட்போம். அதே நேரம், நம் வாசலில் கட்டி வைக்கும் பை இறுதியில் யாருடைய வாசலுக்குப் போகிறது என்பதையும் கேட்டுக் கொள்வோம்.