பற்சக்கரம் சொல்லும் செய்தி

நுழையும்முன்

பழுதுபடத் தொடங்கும் பொறி பெரும்பாலும் ஒலியால் அதனை முன்கூட்டியே அறிவிக்கிறது. அவ்வொலியைப் பொருட்படுத்தாதவர் பொறியை இழக்கிறார். அதன் பொருளை அறியாமல் அவசரப்படுபவரும் இழக்கிறார். பழைய தொலைக்கட்டுப்பாட்டு மகிழுந்து ஒன்றின் பற்சக்கரப் பெட்டியை முன்வைத்து, ஒலியிலிருந்து பழுதின் காரணத்தைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கரும்புச்சாறும் பற்சக்கரமும்

செஞ்சி போன்ற ஊர்களின் சாலையோரங்களில், கோடைக்காலத்தில் கரும்புச்சாறு பிழியும் பொறிகளைக் காணலாம். கரும்பு இல்லாமல் சுழலும்போது அப்பொறியின் பற்சக்கரங்கள் கடகடவென்று ஒலிக்கும். கரும்பை உள்ளே செலுத்தியதும் அந்தக் கடகடப்பு அடங்கி, அழுத்தமான வேறோர் ஒலி எழும். பொறி மாறவில்லை, ஒலி மட்டும் மாறுகிறது. ஏன்?

ஒன்றோடொன்று பொருந்தும் இரு பற்சக்கரங்களின் பற்களுக்கிடையே சிறிதளவு இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். சுமை இல்லாதபோது பற்கள் அவ்விடைவெளிக்குள் முன்னும் பின்னுமாக மோதிக்கொள்கின்றன. சுமை ஏறியதும் ஒரு சக்கரத்தின் பல் மற்றதன் பல்லைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே சுழல்வதால் மோதல் நின்றுவிடுகிறது. எனவே, ஒலி எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்பதைக் கவனிப்பதே பழுதறிதலின் முதற்படியாகும்.

உள்ளங்கையில் ஒரு பொறியியல்

ஜப்பான் நாட்டின் தமியா நிறுவனம் 1984ஆம் ஆண்டில் ‘கிராஸ்ஹாப்பர்’ என்னும் தொலைக்கட்டுப்பாட்டு மகிழுந்தை வெளியிட்டது. உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த அது, உதிரிப் பாகங்களாகவே விற்கப்பட்டது. வாங்கியவரே அவற்றைக் கோத்து வண்டியாக்க வேண்டும். அக்காலத்தில் வெளிவந்த இத்தகைய வண்டிகளை இன்றும் பலர் பேணிப் பாதுகாத்து இயக்குகின்றனர்.

இவ்வண்டிகளில் மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டார் மிக விரைவாகச் சுழலும். அவ்வளவு வேகத்தில் சக்கரம் நேரடியாகச் சுழன்றால் வண்டியை நகர்த்தும் விசை போதாது. ஆகவே, மோட்டாரின் தண்டில் உள்ள பினியன் எனப்படும் சிறு பற்சக்கரம், பற்கள் மிகுந்த பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதனால் வேகம் குறைந்து, திருப்புவிசை பெருகுகிறது. பினியன் பெரும்பாலும் உலோகத்தாலும் பெரிய சக்கரம் நெகிழியாலும் ஆனவை.

எண்ணிக் கண்டறிதல்

பினியனில் 15 பற்களும் பெரிய சக்கரத்தில் 60 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மோட்டார் நிமிடத்திற்கு 12,000 சுற்றுகள் சுழன்றால், நொடிக்கு 200 சுற்றுகளாகும். ஒவ்வொரு சுற்றிலும் 15 பற்கள் பொருந்துவதால், நொடிக்கு 3,000 முறை பல்லோடு பல் சேர்கிறது. வண்டி ஓடும்போது கேட்கும் கீச்சொலி இதுவே. மனிதச் செவி மிக நுட்பமாக உணரும் ஒலி எல்லைக்குள் இந்த அதிர்வெண் அமைவதால், சிறு மாற்றமும் காதில் படுகிறது.

ஒரு பல் உடைந்திருந்தால் ஒலி எப்படி மாறும்? வண்டியின் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பினியன் நான்கு சுற்றுகள் சுற்றிவிடும். ஆகவே, ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’கென்று ஒலித்தால் குறை பெரிய சக்கரத்தில் உள்ளது. சீரான இடைவெளியில் நான்கு முறை ஒலித்தால் குறை பினியனில் உள்ளது. பெட்டியை முழுவதும் பிரிக்காமலேயே, எளிய வகுத்தல் கணக்கு பழுதின் இருப்பிடத்தைக் காட்டிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

கிரேக்க நாட்டின் ஆன்டிகித்தெரா தீவின் அருகே கடலில் மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து 1901ஆம் ஆண்டில் வெண்கலப் பொறி ஒன்று மீட்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடைய அதில் குறைந்தது 30 பற்சக்கரங்கள் உள்ளன. ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கங்களைக் கணிக்க அது பயன்பட்டது.

சோதனையின் வரிசை

பழுது பார்க்கும்போது எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், எதனால் ஒலி நின்றது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் வண்டியின் மேற்கூட்டைக் கழற்றி ஒலியைக் கேட்க வேண்டும். தளர்ந்த திருகாணியோ, அதிரும் மேற்கூடோ பற்சக்கரப் பழுதுபோல் ஒலிப்பதுண்டு. அடுத்து, மோட்டாரைப் பெட்டியிலிருந்து பிரித்துத் தனியே குறைந்த மின்னழுத்தத்தில் இயக்க வேண்டும். அப்போதும் ஒலி தொடர்ந்தால் பற்சக்கரங்கள் குற்றமற்றவை. மோட்டார்த் தண்டைத் தாங்கும் பகுதி உலர்ந்தோ தேய்ந்தோ போயிருக்கலாம்.

மூன்றாவது, பற்களின் பொருத்தம். இறுக்கமாகப் பொருந்தினால் ஓலமிடும் ஒலியும் வெப்பமும் தோன்றும். தளர்வாகப் பொருந்தினால் கடகடப்பு எழும், பற்களின் நுனியும் சிதையும். மோட்டாரை நகர்த்தும் வசதியுள்ள வண்டிகளில், இரு சக்கரங்களுக்கிடையே மெல்லிய தாள்துண்டைச் செருகி, சக்கரங்களை நெருக்கித் திருகாணியை முடுக்கியபின் தாளை உருவிவிடுவது வழக்கம். தாளின் தடிமனே தேவையான இடைவெளியைத் தந்துவிடும். மோட்டாரின் இடம் மாறாத வண்டிகளில் இம்முறைக்கு இடமில்லை. அங்கே பொருத்தம் கெட்டிருந்தால், தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்து தண்டு சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்லின் அளவு வேறுபட்ட பினியனை முன்பு யாரேனும் மாட்டியிருக்கவும் கூடும்.

நான்காவது, வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதி. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு ஓட வேண்டும். அதற்கு இடந்தருவது இத்தொகுதியே. நேராக ஓடும்போது அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் வண்டி ஒலித்தால் ஐயம் இதன்மேல் விழ வேண்டும். பெரிய பற்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு பின்சக்கரத்தைச் சுழற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுழலும். அப்போது நெருடல் உணரப்பட்டால் ஐயம் உறுதியாகிறது.

மண்ணின் வன்மை

செஞ்சியின் குன்றுகள் பெரும் பாறைகள் அடுக்கியதுபோல் தோற்றமளிப்பவை. இத்தகைய கருங்கற்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து மணலாகும்போது, அவற்றிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமம் எளிதில் அழியாமல் துகள்களாக எஞ்சுகிறது. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் அதன் மதிப்பு 7. அலுமினியம் அதைவிட மிகவும் மென்மையானது.

இம்மண்ணில் ஓடும் வண்டியின் பெட்டிக்குள் மணல் புகுந்தால் எது தேயும்? நெகிழிச் சக்கரம் என்றே பலரும் கருதுவர். ஆனால், மென்மையான நெகிழியில் மணல்துகள்கள் பதிந்து நிலைத்துவிடுகின்றன. பதிந்தபின் அந்த நெகிழிப் பற்களே அரம்போலாகி, அலுமினியப் பினியனை அராவுகின்றன. பினியனின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால், அதனை மட்டும் மாற்றுவது பயன் தராது. மணல் பதிந்த சக்கரம் புதிய பினியனையும் அராவிவிடும். தேய்ந்தது ஓரிடம், தேய்த்தது வேறிடம்.

மறைப்பது தீர்ப்பதாகாது

ஒலி கேட்டதும் பெட்டி நிறையக் கிரீஸ் திணிப்பது பலர் செய்யும் தவறாகும். கிரீஸ் ஒலியைச் சில நாள் அடக்கிவைக்கும். ஆனால், மணலைப் பிடித்துவைத்துத் தேய்மானத்தைப் பெருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் இட்ட கிரீஸ் மெழுகுபோல் இறுகி, சுழற்சியைத் தடுப்பதும் உண்டு. அதனை முழுவதும் துடைத்தெடுத்து, நெகிழிப் பாகங்களைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்கு உலர்த்திய பிறகு, நெகிழிக்குத் தீங்கிழைக்காத கிரீஸைப் பற்களில் மெல்லியதாகப் பூசினால் போதும். பெட்ரோல், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் சிலவகை நெகிழிகளை வெடிக்கவோ கரையவோ செய்துவிடும். பழைய வண்டிகளுக்கு மாற்றுப் பாகம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே, தவறான ஒரு துப்புரவு முழு வண்டியையும் பயனற்றதாக்கிவிடக்கூடும்.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின் தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்னும் நெறியைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவருக்கு வகுத்துரைக்கிறது. உயிருள்ள உடலுக்குப் பொருந்தும் அந்நெறி உயிரற்ற பொறிக்கும் பொருந்துகிறது. விளையாட்டு வண்டியின் சிறு பெட்டியில் பழகும் இம்முறையே கரும்பாலையின் பெரும் பற்சக்கரங்களுக்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் உரியது. கேட்டல், எண்ணுதல், ஒவ்வொன்றாக விலக்குதல் என்னும் மூன்றையும் செய்து முடிக்கும்வரை திருப்புளியைக் கையில் எடுக்காமலிருக்கும் பொறுமையே பழுதுபார்ப்பவரின் முதற்கருவியாகும்.