தொப்பியில் இருக்கும் யானை

தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் இருப்பதால், படைவீரர் குடும்பங்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். விடுப்பில் வந்த தந்தை பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளி எழுவதைக் கண்ட குழந்தை, "அப்பாவுக்குப் பயமா?" என்று கேட்கும். மழுப்ப வேண்டாம். அவரது தொப்பிச் சின்னத்தைக் குழந்தையின் கையில் கொடுங்கள்.

தமிழக வீரர்கள் பலர் பணியாற்றும் மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் ஒரு யானை உண்டு. 1803இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்தது. அச்சம் நேர்ந்தால் யானைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். வீரர்களும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையே பயத்தைத் தாங்க உதவுகிறது. வீரம் என்பதில் பெரும்பகுதி இதுவே என்பது எங்கள் கருத்து. எல்லையில் சிறு ஓசைக்கும் விழிக்கப் பழகிய உடல், சேலையூர் வீட்டிலும் அவ்வாறே விழிக்கிறது. தோழர்களோ அருகில் இல்லை. இவ்வளவு சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். போர்க்காட்சிகளை விவரிக்காதீர்கள். "இது உன்னால் வந்ததல்ல" என்பதை மட்டும் இருமுறை சொல்லுங்கள்.

கெட்ட கனவுகள், உறக்கமின்மை, காரணமற்ற சினம், எவரோடும் பேசாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அவரை அழைத்து வாருங்கள். உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் அன்றே வாருங்கள். டெலி மானஸ் 14416 எண்ணை இரவிலும் அழைக்கலாம்.