முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும் பிறநாட்டுப் பயணமும்

நோய் தீர்க்கும் முயற்சியை ஆயுள்வேத நூலோர் நான்கு கூறாக வகுப்பர். பிணியாளன், வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் இப்பகுப்பையே கொள்வர். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கெனக் கடல்கடக்க எண்ணுவோர் பெரும்பாலும் வைத்தியனின் திறமையை மாத்திரமே ஆராய்கின்றனர். ஏனைய மூன்றையும் நிறுத்துப் பார்த்தலே அறிவுடைமையாகும்.

முதற்கண் பிணியாளனின் நிலையை நோக்குவோம். முள்ளந்தண்டென்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துங்கால், இடுப்பிலிருந்து கால்வரை கடும் நோவு உண்டாகும். பலருக்கு இது சில கிழமைகளில் தானே தணிவதுண்டு. 2007 இல் வெளியான ஒல்லாந்து ஆய்வொன்று இத்தகைய நோயாளர் 283 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர்க்கு விரைவிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மற்றையோர் காத்திருந்து, வேண்டியவிடத்து மாத்திரம் அதனைப் பெற்றனர். முன்னையோரின் நோவு விரைவில் நீங்கியதாயினும், ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையை எய்தினர். காத்திருந்தோருள் 39 வீதத்தினரே அவ்வாண்டிற் கத்திக்கு உட்பட்டனர். ஆயினும் கால் விரைந்து வலுவிழத்தல், சலம் கழிக்க இயலாமை ஆகியன தோன்றின் நிலைமை வேறு. அப்பொழுது பயண ஆயத்தமே ஆபத்தாகும். அண்மையிலுள்ள வைத்தியசாலையை உடனே நாடல் வேண்டும்.

அடுத்தது மருந்து. உடலிற் பொருத்தப்படும் கருவியும் ஈண்டு அதனுள் அடங்கும். சாரிற்றே என்னும் செயற்கைத் தட்டு 1980களிற் பேர்லின் நகரில் உருவாக்கப்பட்டது. அதனை ஆக்கியோருள் ஒருவர், 1972 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற் சீருடற் பயிற்சியிற் பொற்பதக்கம் வென்ற வைத்தியர் காரின் பியூற்னர் யான்ஸ். ஐக்கிய அமெரிக்கா 2004 இலேயே அதற்கு அனுமதி வழங்கியது. அதற்கு முன்னரே அமெரிக்கர் சிலர் ஜேர்மனி சென்று அதனைப் பொருத்திக்கொண்டனர். தாய்நாட்டிற் புழக்கமில்லாத கருவியைத் தாங்கித் திரும்புவோன், அது இடம்பெயரின் யாரிடம் செல்வான்? வயிற்றின் வழியே, பெருங் குருதிக்குழாய்களை விலக்கிப் பொருத்திய தட்டினை மீண்டும் எடுத்தல், முதற் சிகிச்சையினும் இடர்மிக்கது. அத்தட்டோ இன்று சந்தையிலும் இல்லை.

இறுதியாகப் பேணுவோன். காயத்திற் கிருமித்தொற்றுப் பல நாட்களின் பின்னரும் வெளிப்படலாம். அவ்வேளை சத்திரவைத்தியர் ஒரு நாட்டிலும் நோயாளி பிறிதொரு நாட்டிலும் இருப்பர். மேலும், சிகிச்சை முடிந்த சில நாட்களில் நெடுநேரம் விமானத்தில் அசையாதிருப்பின், கால் நாளங்களிற் குருதி உறைந்து, அக்கட்டி சுவாசப்பையை அடைதலுங் கூடும்.

இவற்றாற் பயணமே தகாதென்பது எம் கருத்தன்று. தகுந்த நிபுணர் தாய்நாட்டில் இல்லாதவிடத்து அது பெரும்பயன் தருதலுமுண்டு. ஆனாற் புறப்படுமுன், இச்சிகிச்சையால் இலாபமடையாத வேறொரு வைத்தியரின் கருத்தைக் கேட்டல் வேண்டும். திரும்பியபின் பொறுப்பேற்கும் உள்ளூர் வைத்தியர் ஒருவரின் இசைவையும் பெறல் வேண்டும். சிகிச்சைக் குறிப்பு, படங்கள், பொருத்திய கருவியின் பெயர், இலக்கம் ஆகியவற்றைக் கையிற் பெறாது மீளலாகாது. இரண்டாம் முறை செல்ல நேரின் ஆகும் செலவையும் முதற் கணக்கிலேயே சேர்த்தல் நன்று. சென்னை நோக்கிச் செல்லும் நம்மவர்க்கும் இவை யாவும் பொருந்தும். சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிவது. முள்ளந்தண்டோ ஆயுள்முழுதும் நம்மைத் தாங்க வேண்டியது.